அக்காவுக்கு நான் அனுப்பிய முடி மாத்திரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் பெயரும் கிடையாது. திருவிடைமருதூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த ஒளிவுமறைவு என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

கனடாவில் டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன நகரத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது. ஊரில் யாராவது கேட்டால் "நர்ஸ் மாதிரி" என்று என் அக்கா சொல்லிவைத்திருந்தாள். அந்த "மாதிரி"யை ஊர் சீக்கிரமே விழுங்கிவிட்டது. எங்கள் தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும் எனக்கு வாட்சப் வரும். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை.

போன மாதம் எனக்கே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளாகக் களைப்பு, கால் கடுப்பு. இங்கே டாக்டரைப் பார்க்க மூன்று வாரம், லேபில் நேரம் வாங்க ஒரு வாரம், வேலையில் அரைநாள் விடுப்பு கேட்டு மேலாளரின் முகச்சுளிப்பு. எல்லாம் முடிந்து, காலையில் பச்சைத் தண்ணீரோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ரத்தம் எடுக்கிற பெண் பிலிப்பைன்ஸ்காரி. என் தாளைப் பார்த்தாள். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது வைட்டமின் சாப்பிடுகிறீர்களா?"

"ஆமாம். தினமும் ஒன்று."

"கடைசியாக எப்போது?"

"இன்றைக்குக் காலையில்தான்."

கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டாள். "மன்னிக்கவேண்டும். மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு வாருங்கள்."

எனக்குக் கோபம் வந்தால் என் ஆங்கிலத்தில் முதலில் காணாமல் போவது வினைச்சொற்கள்தான். "நான் விடுப்பு! நான்கு வாரம் இதற்கு! வைட்டமின்தானே, விஷமா?" என்று அந்தச் சின்ன அறையில் கத்தினேன். பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த கிழவர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் கோபப்படவில்லை. தினமும் என்னைப் போல நாலு பேரைப் பார்க்கிறவள். பொறுமையாகச் சொன்னாள். முடிக்கு விற்கிற அந்த மாத்திரையில் பயோட்டின் என்கிற சத்து அளவுக்கு மீறி இருக்கிறது. உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ரத்தத்தில் அது இருக்கும்போது தைராய்டு பார்த்தால் சில இயந்திரங்கள் தப்பான எண்ணைக் காட்டும். நோய் இருக்கிறவர்களுக்கு இல்லை என்று வரும், இல்லாதவர்களுக்கு இருக்கிறது என்றும் வரும்.

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. சண்டையில் மும்முரமாக இருந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்று, கையுறையை மாட்டிக்கொண்டு, அவள் சொன்னதை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "நோய் இருக்கிறவங்களுக்கு இல்லைன்னு வரும்." இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். அந்த மாத்திரையை அக்காவுக்கு அனுப்பியவள் நான். அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் தைராய்டு டெஸ்டுக்குப் போனாள். போகச் சொன்னவளும் நான்தான். டெஸ்ட் நார்மல் என்று வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அக்கா செத்துப்போனாள். மிச்சம் இருக்கிற பாட்டிலை இப்போது அவள் மகள் பெனிட்டா போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் முடி கொட்டுகிறது, அவளுக்கும் அசதி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளும் தைராய்டு பார்த்தாள். நார்மல் என்றாள்.

2

அக்கா பெயர் கிருபா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் அம்மாவும் அப்பாவும் மிராசுதார் வயலில் கூலிக்கு நட்டு, அறுத்து எங்களைப் படிக்கவைத்தவர்கள். லுத்தரன் பள்ளிக்கூடம், சர்ச், அதைவிட்டால் வயல். அக்கா பிளஸ் டூ முடித்து அங்கன்வாடி டீச்சர் ஆனாள். எங்கள் தெருவிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண். அவள் புருஷன் செல்வராஜ் மாமா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல் போடுகிறவர். அதில் இரண்டு மா சொந்தம், மிச்சம் குத்தகை.

அக்காவின் குரலைச் சொல்லவேண்டும். சர்ச் பாடகர் குழுவில் அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். மைக் வேண்டாம். கடைசி பெஞ்சில் தூங்குகிற பெரிசுகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

நாற்பத்தொரு வயதில் அது ஆரம்பித்தது. எதையும் நோய் என்று சொல்ல முடியாது, எல்லாம் சில்லறை சில்லறையாக வந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். சோறு அதே அளவுதான், உடம்பு ஊதியது. "தங்கச்சி டாலர் அனுப்புறா, அதான் மினுமினுன்னு இருக்கா" என்று தெருவில் சொன்னார்கள். முகம் உப்பியதை வளமை என்று பார்த்த ஊர் அது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. மலச்சிக்கல். சாவியை வைத்த இடம் மறந்தது. போனில் நான் "அக்கா" என்று கூப்பிட்டால், அங்கிருந்து "ம்" வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைப்பேன். குரல் தடித்துக் கரகரப்பானது. ஒரு ஈஸ்டருக்குப் பாட நின்று சுருதி பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு குழுவுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இவளும் தூங்கினாள். யாரோ போனில் படம் பிடித்து மேலே அனுப்பினார்கள். விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. அசதியாக இருந்தது என்று எழுதிக் கொடுத்தாள். அசதி என்று எழுதினால் எந்த ஆபீஸ் ஒத்துக்கொள்ளும்?

எந்த வீடுதான் ஒத்துக்கொள்ளும்! எங்கள் சனங்களிடம் அசதி என்கிற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் சேற்றில் இறங்கிய பெண்களின் வம்சம். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், வாந்தி என்றால் கண்ணால் பார்க்கலாம், அசதியை எங்கே காட்டுவது? மாமா கத்துவார்.

"உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேங்கிற, எழுந்தா நிக்க மாட்டேங்கிற. ஆயி அப்பன் நடவு நட்டுத்தான வளத்தாங்க? ஏதோ மிராசுதார் வூட்டுல பொறந்தவ மாதிரி!"

போனில் பின்னாலிருந்து எனக்குக் கேட்கும். நான் மாமாவைத் திட்டியதில்லை. ஏனென்றால் எனக்குள்ளேயும் அதே நினைப்பு ஒரு ஓரத்தில் இருந்தது. நான் இங்கே ஒரே ஷிஃப்டில் பதினோரு பேரைத் தூக்கி உட்காரவைக்கிறேன், இவளுக்கு இருபது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா என்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

இரும்பு டானிக் குடித்தாள். மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள், அதற்கும் மருந்து. ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் பூசினார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. முடி மட்டும் கொத்துக்கொத்தாக வந்தது. சீப்பில் வந்த முடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். மற்ற எதையும் அவள் என்னிடம் சரி பண்ணச் சொல்லிக் கேட்டதில்லை. "இதுக்கு மட்டும் அங்க ஏதாச்சும் கெடைக்குமாடி?" என்றாள்.

கிடைக்காமல் என்ன. மருந்துக்கடையில் ஒரு அலமாரி முழுக்க அதுதான். இருப்பதிலேயே அதிக பவர் எது என்று பார்த்து எடுத்தேன். சின்ன பவரை எடுத்தால் அக்காவுக்குச் செய்ததாகுமா? ஊருக்குப் போன ஒரு சிநேகிதியின் பெட்டியில் ஆறு பாட்டில் வைத்து அனுப்பினேன். அடுத்தமுறை இன்னும் ஆறு. ஒரு மாதம் கழித்தும் முடி நிற்கவில்லை என்றாள்.

"ரெண்டா போடுக்கா. ஒருநாளும் விடாத. விட்டா பலன் போயிரும்."

யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நானே சொன்னேன்.

3

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருந்தார். புதிதாக வந்தபோது எல்லோரும் மறதி நோய் என்று நினைத்தோம். உப்பிய முகம், குளிர், மெதுவான பேச்சு. ரத்தம் பார்த்ததும் தைராய்டு என்று தெரிந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. மூன்று மாதத்தில் அந்த அம்மாள் என் பெயரைச் சரியாகச் சொல்லி, என் தேநீர் மட்டம் என்று குறை சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு மிதப்பு.

"தைராய்டு பாருக்கா. இதுதான். நான் சொல்றேன் பாரு, இதேதான்!"

பார்க்கவைத்தேன். கும்பகோணத்தில் ஒரு லேப். நான் சொன்னபடி முதல்நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தினாள். காபி கிடையாது. நான் நர்ஸ் மாதிரி அல்லவா, எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவள் கேட்ட ஒரு கேள்வி இப்போதும் காதில் இருக்கிறது.

"ஏன்டி, ஒன் மாத்திர போடலாமா, அன்னிக்கு வேண்டாமா?"

"அது சாப்பாடு இல்லக்கா, வைட்டமின். அத எதுக்கு விடுற? போட்டுக்கிட்டே போ."

ரிப்போர்ட் நார்மல். லேபின் மேல் குற்றமில்லை. குழாயில் வந்த ரத்தத்துக்கு அவர்கள் இயந்திரம் காட்டிய எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் மேலும் குற்றமில்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, அக்கா இரும்பு டானிக்கைச் சொன்னாள், அல்சர் மாத்திரையைச் சொன்னாள். முடி மாத்திரையைச் சொல்லவில்லை. தங்கச்சி அன்பாக அனுப்பியதை மருந்து என்று எப்படிச் சொல்வாள்?

அந்த ஒரு தாள் அக்காவைக் கைவிட்டுவிட்டது. அதுவரை "ஏதோ இருக்கு, கண்டுபிடிக்கல" என்றிருந்தது. அதன்பிறகு "ஒண்ணும் இல்ல" என்று ஆகிவிட்டது. மாமா அந்த ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். யார் வந்து விசாரித்தாலும் எடுத்துக் காட்டுவார். "எல்லாம் பாத்தாச்சுங்க, நார்மல். மனசுலதான் நோவு." நானும் அதையேதான் சொன்னேன். மனசுக்கு டாக்டரைப் பார் என்றேன். அவர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தவள் இன்னும் தூங்கினாள். வேலையில் நீண்ட விடுப்பு கொடுத்தார்கள், பிறகு அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

போன மார்கழியில் சளி பிடித்தது. மூன்று நாள் எதையும் விழுங்கவில்லை. நாலாம் நாள் காலை பெனிட்டா எழுப்பியிருக்கிறாள். உடம்பு குளத்துத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்ததாம். மூச்சு மட்டும் இருந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் அக்காவின் முகத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "தைராய்டு பாத்தீங்களா?" என்று கேட்டாராம். மாமா உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "பாத்தாச்சு சார், நார்மல்." டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். இரண்டாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டாள். நாற்பத்தேழு வயது.

நான் போகவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். எத்தனை போன், எத்தனை படிவம், "அவசரம் என்பதற்கு என்ன சான்று?" என்ற கேள்வி. மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அடக்கம் முடிந்தால்தானே சான்றிதழ் கிடைக்கும்? அடக்கத்தைப் போனில் பார்த்தேன்.

4

லேபிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் மகன் ஜோயல் மட்டும் இருந்தான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வழியில்தான். ஜோயலுக்குப் பதினைந்து வயது. அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் குளியலறைக்குப் போய் என் பாட்டிலை எடுத்துவந்தான். திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இதிலயே போட்டு இருக்கு. சின்னதா. லேப் டெஸ்ட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லுன்னு."

"எங்கே?"

நகத்தால் காட்டினான். இருந்தது. எறும்பு எழுத்து. அக்காவுக்கு அனுப்பிய பாட்டில்களிலும் இருந்திருக்கும். முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்த பவரைப் பார்த்து வாங்கியவள் பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"நீ வேணும்னு பண்ணலயே" என்றான். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனான். அவனுக்கு அக்கா ஒரு போன் குரல், கிறிஸ்துமஸுக்கு வருகிற ஒரு முறுக்கு டப்பா. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

இனி பெனிட்டாவுக்குச் சொல்லவேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கும்பகோணத்தில் எம்.காம். படிக்கிறாள். அம்மா போனதிலிருந்து சோர்ந்து கிடக்கிறாள், எல்லோரும் துக்கம் என்றார்கள். முடி கொட்டுகிறது என்று அவள் சொன்னபோது, "அம்மாவோட பாட்டில் இருக்கும்ல, அதப் போட்டுக்கோ" என்று சொன்னவளும் யார்? நானேதான். என் வாயைத் தைத்துவைத்தால்கூட உள்ளிருந்து வைத்தியம் சொல்லும்.

சொன்னால் அவள் பிழைப்பாள். அது தெரியும். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, அவள் டெஸ்டும் அதே மாதிரிதான் பொய்யாக வந்திருக்கும். ஆனால் ஏன் நிறுத்தவேண்டும் என்று சொன்னால், அவள் அம்மா எப்படிப் போனாள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பன்னிரண்டு நாள் நான் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள்! தினமும் காலையில் எழுந்ததும், ஊரில் அவள் இன்றைக்கான மாத்திரையைப் போட்டிருப்பாள் என்று நினைப்பு வரும். வேலையில் கிழவர்களுக்குக் காலுறை மாட்டும்போதும் வரும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுப்பேன். அங்கே இந்நேரம் வகுப்பில் இருப்பாள் என்று வைத்துவிடுவேன். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வகுப்பு வைத்தேன் மனதுக்குள்.

பதின்மூன்றாம் நாள் ஒரு பொய்யோடு போன் செய்தேன். அந்தப் பொய்யை இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பெனி, அந்த முடி மாத்திரை தேதி முடிஞ்சு போச்சும்மா. தூக்கிப் போட்டுரு."

"இல்ல சித்தி, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. நான் பாத்துட்டுதான் போடுறேன்."

"அந்தக் கம்பெனி சரியில்லையாம்."

"அதெல்லாம் நல்ல கம்பெனி சித்தி. ஒரு பாட்டில்தான் மிச்சம். அம்மா கை பட்டது. போட்டு முடிச்சாலும் தூக்கிப் போட மாட்டேன்."

பாட்டிலின் தேதியை அவள் படித்திருக்கிறாள். நான் படிக்காத எழுத்தையும் ஒருநாள் அவளே படித்துவிடுவாள். அது வரைக்கும் காத்திருக்கலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். அவ்வளவு கேவலமான பிறவி நான்.

5

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லவில்லை, நிறையவே சுற்றினேன். வெள்ளைக்காரப் பாட்டி, பிலிப்பைன்ஸ்காரப் பெண், இயந்திரம் என்று எங்கெங்கோ போய் வந்தேன். கடைசியில் சொன்னேன். அவள் பிறகு கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு தைராய்டா?"

"தெரியலம்மா. எங்க இல்லத்துக்கு வர்ற டாக்டர்கிட்ட கேட்டேன். உறுதியா சொல்ல முடியாது, அப்படித்தான் இருந்திருக்கும் போலன்னாரு. அம்மாவோட பேப்பர் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புறியா?"

போன் கட்டானது. ஒரு மணி நேரம் கழித்து வாட்சப்பில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரும்புச் சத்துக் குறைவு. ஸ்கேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நார்மல் ரிப்போர்ட், உறையோடு. கடைசியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரித் தாள். அந்த இளம் டாக்டர் கடைசியாக எடுத்து அனுப்பிய ரத்தம். அக்காவை அடக்கம் பண்ணிய மறுநாள் தேதியிட்டு வந்திருக்கிறது. மாமா பிறகு போய் மிச்ச பில்லைக் கட்டி மற்றத் தாள்களோடு வாங்கிவந்து, பிரிக்காமல் பையில் போட்டுவிட்டார். செத்தவளுக்கு ரிசல்ட் எதற்கு? ஐந்துக்குள் இருக்கவேண்டிய தைராய்டு எண் நூற்றைத் தாண்டியிருந்தது. மூன்று நாள் எதையும் விழுங்காததால் என் மாத்திரையும் அவள் ரத்தத்தில் இல்லை. அந்த ஒரு டெஸ்ட் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

தினம் ஒரு சின்ன மாத்திரை. விலை மலிவு. எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. என் அக்கா பாடியிருப்பாள்.

ஒரு வாரம் பெனிட்டா பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு ரிப்போர்ட்டின் படம் வந்தது, அவளுடையது. நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு எடுத்தது. முப்பத்தெட்டு. கீழே, "மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க" என்று ஒரு வரி. நான் உடனே போன் செய்தேன். எடுத்தாள்.

"பெனி, என்ன வேணும்னாலும் திட்டு. மாமாகிட்டயும் நானே சொல்லிடுறேன். அவரு பாவம், அக்காவ திட்டித் திட்டியே சாவடிச்சுட்டோம்னு புலம்புறாரு. அவரு தப்பு இல்லன்னு—"

"சித்தி." அவள் குரல் அக்காவின் பழைய குரல் மாதிரியே இருந்தது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"அம்மாவுக்குத்தான் எதுவும் ஞாபகம் நிக்காதே. தெனமும் அந்த மாத்திரைய எடுத்துக் குடுத்தது அப்பாதான். வயலுக்குப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு மாத்திர, ஒரு சொம்பு தண்ணி. லேபுக்குப் போன அன்னிக்கும் அவருதான் குடுத்தாரு. நீங்கதான சித்தி அவருகிட்ட சொன்னீங்க, அக்கா மறந்துருவா, நீங்க பாத்துக் குடுங்க மாமான்னு?"

சொல்லியிருக்கிறேன். எனக்கு மறந்தே போயிருந்தது. மறதி நோய் யாருக்கு இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா பத்திரிகை படிக்கிறவர் இல்லை. நெல் விலையும் மேட்டூர் அணையின் தண்ணீர்மட்டமும் டிவியில் வந்தால் போதும் அவருக்கு. அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன், அதனால்தான் பெயர்களை மாற்றினேன். வெளிநாட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோகிறவர்களே, அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களே, பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். ரத்தம் கொடுக்கப் போகும்போது அங்கே இருப்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அன்பாக யாராவது கொடுத்ததையும் சேர்த்து. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் உடம்பு நார்மலாக இல்லை என்றால் இன்னொருமுறை பாருங்கள். எனக்கு இதற்குமேல் வைத்தியம் சொல்லத் தகுதி இல்லை. இதற்கே இல்லை.

6

இன்றைக்கு அக்காவின் முதல் வருட நினைவு நாள். இங்கே காலை, ஜன்னலுக்கு வெளியே பனி. அங்கே சாயங்காலம். பெனிட்டா கல்லறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், சாமந்தி மாலை, மெழுகுவத்தி. அதற்கு அப்பால் வயல், தாளடி கதிர் பிடித்து நின்றது. சர்ச் ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். ஜோயலைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "ஹாய் அங்கிள்" என்றான். பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மாமா சிரிக்க முயன்றார். ஒரு வருடத்தில் பத்து வருடம் கூடிய முகம்.

"பெனிக்கு தைராய்டாம்மா" என்றார். "மாத்திர சாப்புடுறா. ஒங்கக்காவுக்கு அப்பவே பாத்தோம், அது இல்ல அவளுக்கு. அவளுக்கு இருந்துருந்தாகூட நல்லாருந்துருக்கும், மருந்தாவது இருந்துருக்கும்."

பெனிட்டா போனைப் பிடித்திருந்தாள், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"சோம்பேறின்னு திட்டுனேன். ஒருநாள் கையக்கூட ஓங்கிட்டேன், ஒங்கிட்ட சொன்னதில்ல. நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணும்மா. நீ அனுப்புன மாத்திரைய மட்டும் ஒருநாள் தவறாம எங்கையால குடுத்தேன். மழையோ, நடவோ, என்ன வேலை இருந்தாலும் குடுத்துட்டுதான் வாசப்படி எறங்குவேன். அத நெனச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வாய் திங்கிறேன். அவளுக்கு நாம ரெண்டு பேராவது ஏதோ செஞ்சோம், இல்ல?"

போன் லேசாக ஆடியது. கல்லறை சாய்ந்து, மறுபடி நேராக நின்றது.

"ஆமா மாமா" என்றேன். "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."